தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு ஒரு பல் மருத்துவரின் மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

நான் உங்கள் பக்கத்தில் பல் மருத்துவம் பார்ப்பவள். தை பிறந்துவிட்டால் நீங்கள் பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிறீர்கள். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரை என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறீர்கள். "டாக்டரம்மா, அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பார்க்க வர்றாங்க. இந்தப் பல்லைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுத்துருங்க" என்கிறீர்கள். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "சொன்னா எங்க கேக்குறா, ஒழுங்காப் பல்லே விளக்க மாட்டா" என்று அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொல்லிவிடுகிறீர்கள். நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் பெண் பல் விளக்காதவள் இல்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததுமே எனக்கு அது தெரிந்துவிடுகிறது. ஈறு சிவந்திருக்காது; தொட்டால் ரத்தம் வராது. பல்லிடுக்கில் காரை இருக்காது. ஆனால் ஈறோடு பல் சேரும் கழுத்துப் பகுதியில், அழுத்தி அழுத்தித் தேய்த்த பள்ளம் இருக்கும். அந்த வயதில் வரக்கூடாத பள்ளம். கேட்டால், காலையில் ஒரு தடவை, காலேஜ் விட்டு வந்து ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை என்பாள். பேஸ்ட் போதாதென்று உப்பு, உமிக்கரி, செங்கல் பொடி, இப்போது டப்பாவில் அடைத்து விற்கும் கரித்தூளும் போட்டுப் பார்த்திருப்பாள். கறை போயிருக்காது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் உருவான நாளிலேயே அதற்குள் நேர்ந்த குறை அது. மேலே ஒட்டிய அழுக்கென்று நினைத்துத் தேய்க்கத் தேய்க்க, நல்ல எனாமல்தான் தேய்கிறது.

அவள் எத்தனை வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். முன்பல் முளைத்த ஏழு வயதில் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையாக நிற்க வைத்து "பல்லைக் காட்டு" என்று கேட்ட டீச்சர் முதலில் திட்டியிருப்பார். பிறகு கூடப் படித்த பிள்ளைகள். பிறகு வெளியூர்ச் சொந்தக்காரர்கள். கடைசியில் வீட்டிலேயே. சிரிப்பு வரும்போது துப்பட்டாவைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தும் வாயைத் திறந்து பேசாமல் வந்த பையன்களையும் நான் பார்த்திருக்கிறேன். இதில் எதற்கும் அந்தப் பிள்ளைகள் காரணமில்லை. நீங்களும் வேண்டுமென்று செய்ததில்லை. தண்ணீர்தான் காரணம்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நிலைத்த பல் முளைப்பது ஆறு, ஏழு வயதில் என்றாலும், அது உருவாகத் தொடங்குவது குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில். தாடை எலும்புக்குள், கண்ணுக்குத் தெரியாமல், எனாமலை உண்டாக்கும் செல்கள் அதை அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு வருகின்றன. முன்பல்லின் எனாமல் முழுதாக முடிய நான்கைந்து வயதாகும். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயது வரைகூட ஆகும். அந்தக் காலத்தில் குழந்தை குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால், எனாமல் இறுகி முடிக்க வேண்டிய கட்டத்தில் சரியாக இறுகாமல் போகிறது. நுண்ணிய துளைகளோடு நின்றுவிடுகிறது. முன்பல்லைப் பொறுத்தவரை ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரை உள்ள காலம்தான் மிகவும் ஆபத்தானது. அதாவது உங்கள் பெண் நடை பழகி, சோற்றுப் பருக்கையைத் தானே எடுத்துத் தின்னத் தொடங்கிய நாட்களில் நடந்த காரியம் இது. அப்போது அவள் கையில் பிரஷ்கூடக் கிடையாது.

பல் முளைத்து வரும்போதே பழுப்பாக வருவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். முதலில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் தெரியும். சில இடங்களில் சுண்ணாம்பு அப்பியதுபோல் திட்டாக இருக்கும். அந்தத் துளைகளில் டீயும் குழம்பும் மற்றதும் வருஷக்கணக்கில் இறங்கி இறங்கி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. சிலருக்கு மேற்பரப்பே பொடிப்பொடியாக உதிர்ந்து குழி விழுகிறது. வலப்பக்கத்தில் எந்தப் பல்லில் கோடு இருக்கிறதோ, இடப்பக்கத்தில் அதன் ஜோடிப் பல்லிலும் அதே உயரத்தில் இருக்கும். வாயில் காற்றை ஊதிப் பல்லை உலர வைத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் கோடுகள் இன்னும் பளிச்சென்று எழும்பி நிற்கும். இதற்குப் பெயர் பல் ஃப்ளோரோசிஸ்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கிய ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அவர் முப்பது வருஷம் விடாமல் தேடினார். 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் அது ஃப்ளோரைடு என்று கண்டுசொன்னார். நம் நாட்டில் 1937இலேயே, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதை மருத்துவர்கள் எழுதி வெளியிட்டார்கள். உங்கள் பாட்டி சின்னப் பெண்ணாக இருந்த காலம் அது. அவ்வளவு காலமாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த ஒன்று பள்ளிக்கூட டீச்சருக்கும் உங்களுக்கும் வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. கறையை எடுக்க எவ்வளவு ஆகும் என்று சொன்ன அளவுக்கு, கறை ஏன் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை.

நம் மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறையில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. ஏரியும் கிணறும் வற்றி, போர் ஆழமாகப் போகப் போக, பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கி ஊறிய தண்ணீர் மேலே வருகிறது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். வாசனை இருக்காது. ருசியிலும் ஒன்றும் தெரியாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையும் 1.5தான். உங்கள் வீட்டுப் போரில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்லில் தெரியும் எல்லா நிறமும் தண்ணீரால் வந்தது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பல் மட்டும் தனியாகக் கறுத்திருந்தால், சின்ன வயதில் விழுந்து அடிபட்டு அதன் நரம்பு செத்திருக்கலாம். அதற்கு முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வேர் சிகிச்சை செய்துவிட்டு உள்ளிருந்து வெளுக்க வேண்டும். எல்லாப் பல்லிலும் சாம்பல் நிறப் பட்டை ஓடினால், தாய் கர்ப்பமாக இருந்தபோதோ, பிள்ளைக்கு எட்டு வயது ஆகும் முன்போ டெட்ராசைக்ளின் வகை மாத்திரை கொடுத்திருக்கலாம். சின்னப் பிள்ளைக்குப் பல்லின் ஓரத்தில் கறுப்பு படிந்திருந்தால் இரும்புச் சத்து டானிக்காக இருக்கலாம். அது மேற்கறை, சுத்தம் செய்தால் போய்விடும். டாக்டர் எழுதிக் கொடுத்த மவுத்வாஷை மாசக்கணக்கில் கொப்பளித்தாலும் பழுப்பு ஏறும். பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு வரும் கறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாக்களே, பல்லை வெள்ளையாக்கச் சொல்லி நீங்கள் வரும்போது நான் பல்லுக்கு முன் உங்கள் கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்க்கிறேன். அங்கே தோல் வெளுத்து இறுகி, வாய் முழுதாகத் திறக்காமல் இருந்தால், கறையைப் பற்றிப் பேச அது நேரமில்லை. தயவுசெய்து அப்போது என்னோடு சண்டை போடாதீர்கள்.

எந்தக் காரணமும் இல்லாமல் இயல்பாகவே கொஞ்சம் மஞ்சளான பற்களும் உண்டு. எனாமல் ஒளி ஊடுருவும் பொருள்; அதன் அடியில் இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். எனாமல் மெல்லிசாக உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த மஞ்சள் கூடுதலாகத் தெரியும். டிவியில் வருகிறவர்களின் காகித வெள்ளை, பெரும்பாலும் மேலே ஒட்டிய பீங்கான் தகட்டின் நிறம். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளையின் வாயைப் பார்க்காதீர்கள்.

சரி, வெளுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும், ஓரளவு. பல் வெளுக்கும் மருந்து என்பது ஹைட்ரஜன் பெராக்ஸைடு அல்லது கார்பமைடு பெராக்ஸைடு. எனாமல் வழியாக உள்ளே போய் நிறம் தரும் பொருளை உடைத்து வெளிறச் செய்கிறது. கிளினிக்கில் ஈறை மூடிப் பாதுகாத்துவிட்டு, கூடின வீரியமுள்ள மருந்தை நாங்கள் வைக்கிறோம். வீட்டுக்கென்றால் பல்லின் அளவெடுத்து மெல்லிய டிரே செய்து, பத்து சதவீதக் கார்பமைடு பெராக்ஸைடு ஜெல்லைக் கொடுத்து, ராத்திரியில் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்கிறோம். இந்த முறை 1989இலேயே வெளியாகி, நன்றாக ஆராயப்பட்டது. இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் நீங்கள் இதை விரும்புவதில்லை. ஒரே நாளில் முடியும் என்பதையே கேட்கிறீர்கள். ஒரே நாளில் செய்ததும் கண்ணாடியில் தெரியும் அந்த வெண்மையில் ஒரு பங்கு, பல் உலர்ந்ததால் வந்தது. சில நாளில் கொஞ்சம் இறங்கும். நீல வெளிச்சம் காட்டினால் கூடுதலாக வெளுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த வெளிச்சத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. இரண்டு முறையிலும் சில நாள் பல் கூசும், பிறகு சரியாகும். வெளுத்த நிறமும் நிரந்தரமில்லை, ஒன்றிரண்டு வருஷத்தில் மங்கத் தொடங்கும். ஏற்கெனவே அடைத்த சிமெண்டும் போட்ட கேப்பும் எந்த மருந்துக்கும் நிறம் மாறாது.

ஃப்ளோரோசிஸ் உள்ள பல்லுக்கு வெளுப்பு மருந்து மட்டும் வைத்தால், முதல் சில நாள் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரியும். பிறகு சுற்றிலும் உள்ள பல் வெளிற வெளிறத் திட்டு அதில் அமுங்கும். லேசான கோடுகளுக்கு இதுவே போதும். பழுப்பு ஏறியிருந்தால் அமிலம் கலந்த பசையால் மேற்பரப்பை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்பின் வெளுக்கலாம். துளைகளுக்குள் பிசின் இறக்கித் திட்டை மறைக்கும் முறையும் இருக்கிறது. குழி விழுந்த பல்லுக்கு இவை எதுவும் உதவாது. பல் நிறச் சிமெண்டை மேலே பூசிச் செதுக்க வேண்டும். எந்தப் பெண்ணுக்கு எது தேவை என்பது அவள் பல்லைப் பார்த்தால்தான் தெரியும். வெளுப்பு மருந்து வைத்த உடனே சிமெண்டு சரியாகப் பிடிக்காது, இரண்டு வாரமாவது விட வேண்டும். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வரும் வாரத்தில் வராதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்னால் வாருங்கள். அவசரத்தில் கேட்பதால்தான் சின்னக் கோட்டுக்காக நல்ல பல்லைச் சுற்றிலும் சீவிக் கேப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இருபது வயதில் சீவிய பல் திரும்ப வளராது. அந்தக் கேப்பை அவள் வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் எங்களிடம் வருவதற்கு முன் போய்வரும் இடங்கள்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கின்றன. பியூட்டி பார்லரில் முகத்துக்குச் செய்யும் பேக்கேஜோடு பல்லுக்கும் ஏதோ தடவிவிடுகிறார்கள். அது என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று கேட்டால் தடவியவருக்கே தெரிவதில்லை. ஈறு வெந்து வெள்ளையாகி வந்த ஒரு பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னார்: "ரெண்டு நாள்ல சரியாயிடும்னாங்க மேடம், கண்ணு தண்ணிகூடக் குடிக்க முடியாம அழுவுது." ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்ஸைடு உள்ள எதையும் பல் மருத்துவர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று சட்டமே இருக்கிறது. அங்கே அத்தனை ஜாக்கிரதையாகக் கையாளும் மருந்தை, பேர்கூடத் தெரியாதவர் கையால் உங்கள் பெண் வாயில் வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

செல்போனில் பார்த்துவிட்டு எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்துத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அமிலம் பட்ட எனாமல் மெத்தென்றாகிறது. அந்த நேரத்தில் பிரஷ் பட்டால் வழித்துக்கொண்டு போகிறது. அன்றைக்குப் பல் பளபளவென்று இருக்கும். எனாமல் மெலிந்து அடியில் உள்ள மஞ்சள் மேலும் தெரியவர, வெளுக்கப் போன பல் முன்னைவிட மஞ்சளாகும். ஏற்கெனவே துளை விழுந்த ஃப்ளோரோசிஸ் பல் இதைத் தாங்கவே தாங்காது. கழிவறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு வந்த பையன்களும் உண்டு. கல்யாணம் ஆக வேண்டும் என்ற ஒரே ஏக்கத்தில் செய்தது. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. அந்த அளவுக்கு அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய பேச்சுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலில் மிக முக்கியமானது. பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறீர்கள். உங்கள் மடியில் மூத்த மகளின் குழந்தை இருக்கிறது. ஒன்றே முக்கால் வயது இருக்கும். பையிலிருந்து பால் புட்டியை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பால் பவுடர் கரைத்தது. "எந்தத் தண்ணியில கரைச்சீங்க?" என்று கேட்டால், "வீட்டுப் போர் தண்ணிதான் மேடம், நல்லாக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கறோம்" என்கிறீர்கள். என் நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன் நடந்தது, என் கண்ணெதிரே இன்னொரு குழந்தைக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். செம்புக் குடத்தில் வைத்தாலும் போகாது. கேண்டில் ஃபில்டரில் வடிகட்டினாலும் போகாது. ஆர்ஓ எந்திரம் எடுக்கும், அதுவும் உள்ளே உள்ள சவ்வைக் காலத்தில் மாற்றினால். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகமிகக் குறைவு. தாய் குடிக்கும் தண்ணீரில் அதிகமாக இருந்தாலும் பாலில் அது பெரிதாக இறங்குவதில்லை. அதனால் நம் ஊரில் தாய்ப்பால் கொடுப்பது பிள்ளையின் பல்லைக் காக்கும் காரியமும்கூட. அது நின்று கஞ்சியும் சோறும் பவுடர் பாலும் தொடங்கும்போதுதான் தண்ணீரை மாற்ற வேண்டும்.

அப்படி மாற்றத்தான் காவிரியிலிருந்து வரும் ஒகேனக்கல் தண்ணீர் இருக்கிறது. அது எதற்காக வந்தது என்பதை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். அந்தத் திட்டத்தின் பெயரே ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். ஜப்பானிடம் கடன் வாங்கி, 2008இல் அடிக்கல் நாட்டி, 1,928 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். உங்கள் பிள்ளைகளின் பல்லுக்காகவும் உங்கள் அப்பாவின் நிமிராத முதுகுக்காகவும் கொண்டுவந்த தண்ணீர் அது. ஃப்ளோரைடு வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும் என்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தக் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீடுகளில் அண்ணன் பல்லில் கறை இருப்பதையும், பின்னால் பிறந்த தங்கை பல்லில் கறை இல்லாததையும் நான் பார்க்கிறேன்.

ஆனால் பல வீடுகளில் அந்தத் தண்ணீரை என்ன செய்கிறார்கள்? "அது டேஸ்டே இல்லைங்க, சப்புன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் விட்டுவிட்டு, போர் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இன்னும் சில வீடுகளில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். சோறு வடிப்பதும் களி கிண்டுவதும் பருப்பு வேகவைப்பதும் டீ போடுவதும் போர் தண்ணீரில். அரிசியும் கேழ்வரகு மாவும் உலைத் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. இரண்டு வயதுக் குழந்தைக்கு டம்ளரில் குடிக்கும் தண்ணீரோடு, சோற்றிலும் கஞ்சியிலும் நிறையத் தண்ணீர் போகிறது. டீத்தூளிலும் தனியாக ஃப்ளோரைடு இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம். ஃப்ளோரைடு பேஸ்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மூன்று வயதுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு போட்டு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். அதற்குக் கீழே என்றால் எங்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாராகப் போகிறவர்களும் உங்களில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பெண்ணும் இருக்கிறாள், பையனும் இருக்கிறான். பெண்ணுக்காக என் முன் கண்கலங்குகிற நீங்களே, பையனுக்குப் பார்க்கப் போகும் இடத்தில் "பொண்ணு நல்லாத்தான் இருக்குது, பல்லுதான் ஒருமாதிரி" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறீர்கள். அந்தப் பல் பரம்பரையாக வருவதில்லை. அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அது வராது; நல்ல தண்ணீர் கொடுத்தால் போதும். லேசான ஃப்ளோரோசிஸ் உள்ள பல்லில் சொத்தைகூடக் குறைவாகத்தான் விழும். மெக்கேயே அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். பல்லைச் சாக்காகச் சொல்லி ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெண்ணின் பல்லைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவள் வாய்விட்டுச் சிரிக்க ஆசைப்படுகிறாள். அந்த ஆசை நியாயமானது. அவளுக்காக, அவள் விருப்பத்தைக் கேட்டு, காரணத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கையில் காசில்லை என்றால் கடன் வாங்காதீர்கள். முதலில் அங்கே போய்க் காட்டி, எது தேவை, எது தேவையில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை உங்கள் போர் தண்ணீரிலேயே நன்றாக அலசி, அதே தண்ணீரை நிரப்பி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கட்டணம் கட்டினால் சோதித்து எழுதித் தருவார்கள். ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி இருந்தால் அதிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளோரைடு கூடக்கூடச் சோதனைக் குழாயில் சிவப்பு மாறி மஞ்சளாகும். உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். 1.5க்கு மேல் என்று வந்தால், எட்டு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் பால் கரைக்கவும் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். ஒகேனக்கல் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து அதற்கென்றே வையுங்கள். அது வராத நாட்களுக்கு மழைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதில் ஃப்ளோரைடு இல்லை என்றே சொல்லலாம். அங்கன்வாடியில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளை பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் குழாய் வரவில்லை என்றாலும், வந்தும் வாரத்தில் ஒரு நாள்தான் ஊற்றுகிறது என்றாலும், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று நடக்கும் கிராம சபைக்குப் போங்கள். அம்மாக்களே, நீங்கள் போங்கள். ஆய்வகம் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், தெருவின் பெயரையும் அங்கே எட்டு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் மனுவில் எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதிந்த தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். மார்ச் தவறினால் மே 1, அதுவும் தவறினால் ஆகஸ்ட் 15. அந்த மனுவில் பல் மருத்துவர் ஒருவரின் கடிதமும் சேர்ந்தால் உதவும் என்று நினைத்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து கேளுங்கள். அவர்கள் பல்லைப் பார்த்து, இருப்பதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பல் மருத்துவர்